இரண்டு நாளில் மாறிய இரும்பு

நாவலப்பிட்டியிலிருந்து பேராதனைக்கு வரும் பஸ்ஸில் ஷாமலா மடிக்கணினியை விரித்துவைத்து அதே இரண்டு எண்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். கம்பளைப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கும் அவள், துடிக்கும் நட்சத்திரங்களில் இரும்பு போன்ற எந்த மூலகம் எவ்வளவு இருக்கிறது என்று ஆராய்ந்து முதுமாணிப் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்தாள். அன்று பிற்பகல் பரீட்சகர்கள் முன்னால் பேச வேண்டும்.

அந்த நட்சத்திரங்கள் விரிந்து விரிந்து சுருங்குபவை. அதனால் அவற்றின் சூடு மாறும். உள்ளிருக்கும் இரும்பு மாறாது. ஷாமலாவின் கணக்கிலோ, ஒரே நட்சத்திரத்தில், அது விரிந்த நாளைவிடச் சுருங்கிய நாளில் இரும்பு ஒன்றரை மடங்காகியிருந்தது. முந்திய மாலைதான் அது கண்ணில் பட்டது. அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் ஆய்வு மேற்பார்வையாளர் கைரியாவின் அறைக்குள் நுழைந்ததும் சொல்லிவிட்டாள்.

"மெடம், எங்கயோ பிழை விட்டுட்டேன். இரும்பு எப்படி மெடம் கூடும்?"

"பதறாதீங்க. வெப்பநிலைய ரெண்டு நாளுக்கும் வேற வேறயா எடுத்தீங்கதானே?"

"எடுத்தேன் மெடம்."

"வாயுக் கொந்தளிப்ப?"

ஷாமலா அதைத் தனித்தனியாக எடுக்கவில்லை. நட்சத்திரம் சுருங்கும்போது மேற்பரப்பு வாயு வேகமாகக் கொந்தளிக்கும். அதனால் நட்சத்திர ஒளியைப் பிரித்தால் வரும் நிறமாலையில் இரும்பின் தடித்த கோடுகள் இன்னும் தடிக்கும். அவள் எல்லா நாளுக்கும் ஒரே வேகத்தைப் போட்டிருந்தாள். கோடு தடித்ததை, இரும்பு கூடியதாகக் கணினி எடுத்துக்கொண்டது.

"மெல்லிய கோடுகள மட்டும் வெச்சுப் பாருங்க. அதுகள கொந்தளிப்பு அவ்வளவா தொடாது," என்றார் கைரியா.

பார்த்தாள். இரண்டு எண்களும் ஏறக்குறைய ஒன்றாகின. அடுத்த நிமிடமே மற்றக் கோப்புகளைத் திறந்து பார்த்தாள்.

"மத்த நட்சத்திரமெல்லாம் மெடம்? எல்லாம் இதே மாதிரிதான் செஞ்சேன்."

"திரும்பச் செய்யத்தான் வேணும். இண்டைக்கு அத நீங்களே முதல்ல சொல்லிருங்க. அவங்க கண்டுபிடிக்கும் வரைக்கும் பாத்துட்டு இருக்காதீங்க."

பிற்பகல் பேச்சைத் தொடங்கியதும் அதையே முதலில் சொன்னாள். பரீட்சகர்கள் தலை நிமிராமல் எழுதினார்கள். பிறகு அவளை வெளியே நிற்கச் சொன்னார்கள். உள்ளே யாரோ சிரித்தது கேட்டது. எதற்கென்று தெரியாமல் அவள் நகத்தைக் கடித்தாள்.

எல்லாம் முடிந்து பஸ் ஏறப் போகையில் கணவன் ரொனி அழைத்தான்.

"முடிஞ்சிச்சா?"

"இல்ல. எல்லாத்தையும் திருத்த ஆறு மாசம் குடுத்திருக்காங்க."

"ஸ்கூல்ல இன்னும் லீவு தருவாங்களா?"

"தெரியல. ஸ்கூல் அதிபர்கிட்ட எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு கேக்குறது?"

"சரி, வா. புள்ள உன்ன தேடிக்கிட்டே இருக்கு."

லீவு கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில், தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து, ஒவ்வொரு நட்சத்திரமாகத் திரும்பச் செய்தாள். ஒன்றில் மட்டும் என்ன செய்தும் இரண்டு நாள் எண்களும் சேரவில்லை. அதைச் சேரவில்லை என்றே எழுதிக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை தொலைபேசி ஒலித்தாலே திடுக்கிட்டாள். கடைசியில் பட்டம் கிடைத்தது. அந்த ஒரு நட்சத்திரத்தைப் பற்றி மட்டும் பரீட்சகர்கள் தங்கள் அறிக்கையில் ஒரு வார்த்தையும் எழுதவில்லை.