புண்ணாக்குத் தண்ணீர் குடித்த கொடி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும் என்று என் மனைவி சொல்வாள். சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் அவளுடைய மூக்கு எப்பேர்ப்பட்டது என்று சொல்லாமல் இந்தக் கொடியைப் பற்றி என்னால் பேச முடியாது.

திண்டிவனத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேர் வீட்டுக் குழம்பு அவள் அரைத்த தூளில்தான் கொதித்தது. மிளகாய், தனியா, மிளகு எல்லாம் வறுக்கும்போது சட்டியைப் பார்க்கவே மாட்டாள். அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பூண்டு உரிப்பாள். திடீரென்று கையை நீட்டி அடுப்பை அணைப்பாள். அந்த நொடியில் அது பதமாக இருக்கும். குழம்பில் உப்பு போதுமா என்று முகர்ந்தே சொல்லிவிடுவாள், நாக்கில் வைத்ததில்லை. பாண்டிச்சேரி பஸ்சில் கண்ணை மூடிக்கொண்டு வருவாள். "கிளியனூர் வந்துடுச்சுங்க, நெல்லு அவிக்கிறாங்க" என்பாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பேன். கிளியனூரேதான். மனுஷ மூக்கா அது!

அந்த மூக்கு ஒரு காய்ச்சலில் போயிற்று. பெரிய காய்ச்சல்கூட இல்லை. படுத்தாள், எழுந்தாள், கஞ்சி குடித்தாள், சரியாகிவிட்டது என்று நினைத்தோம். அடுத்த ஞாயிறு மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். வீடு முழுக்கப் புகை. இருமிக்கொண்டே சமையலறைக்கு ஓடினேன். சட்டியில் மிளகாய் கரிக்கட்டையாகக் கிடக்கிறது. இவள் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிம்மதியாகப் பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறாள். "அடியே, தீஞ்சிக்கினு இருக்குது, தெரியலியா?" என்று கத்தினேன். திரும்பிச் சட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நானே போய் அடுப்பை அணைத்தேன்.

பாண்டிச்சேரியில் காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் காட்டினோம். நரம்பு தானாகத் தேறினால்தான் உண்டு, வரலாம், வராமலும் போகலாம் என்றார். கிராம்பு, எலுமிச்சை, காப்பித்தூள் என்று காலையும் மாலையும் முகர்ந்து பழகச் சொன்னார். விடாமல் செய்தாள். சின்னச் சின்ன டப்பாக்களைத் திறந்து மூக்கருகே கொண்டுபோவாள். நான் கதவோரம் நின்று முகத்தையே பார்ப்பேன். "ம்ஹும்" என்று மூடி வைப்பாள். தூள் அரைப்பதை நிறுத்திவிட்டாள். யாராவது கேட்டால், "கடையில பாக்கெட்டு விக்குது, வாங்கிக்குங்க" என்று சொல்லி உள்ளே போய்விடுவாள். வாசல் மல்லிப் பந்தலில் பூத்த பூ எல்லாம் பறிப்பாரில்லாமல் தரையில் கொட்டியது. எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் காட்டுவது?

கோத்தகிரியில் இருக்கும் அவள் தங்கை வீட்டுக்கு அந்தக் கோடையில் போனோம். அங்கே ஒரு சுவர் முழுக்க ஒரு கொடி. குட்டித் தாமரை இலைபோல வட்ட வட்டமாக இலை. ஆரஞ்சும் மஞ்சளுமாகப் பூ, ஒவ்வொன்றுக்கும் பின்பக்கம் ஒரு சின்ன வால். பெயர் நாஸ்டர்ஷியமாம். இவள் அதன் முன்னால் நின்றவள் நகரவே இல்லை.

"வாசம் எப்படி?" என்று தங்கையைக் கேட்டாள்.

"பெருசா ஒண்ணும் கிடையாதுக்கா. கண்ணுக்குத்தான் பூ."

"அப்ப எனக்கு ஏத்தது இதுதான்" என்றாள் இவள். தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புறப்படும்போது ஒரு பொட்டலம் விதை மடித்துக் கொடுத்தாள். சுருங்கிப்போன கொண்டைக்கடலை மாதிரி இருந்தது.

மலைக்காற்றில் வளர்ந்ததைக் கொண்டுவந்து திண்டிவனத்துக் கத்திரி வெயிலில் போட்டால் என்ன ஆகும்? மண்ணுக்குள்ளேயே அவிந்துபோயிற்று. "இதெல்லாம் நம்ம ஊருக்கு ஆவாதும்மா, விடு" என்றேன். அவள் மீதி விதையை டப்பாவில் போட்டு மூடி, சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். மழைக்காலம் வரைக்கும் அதைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. விட்டுவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

கல்லறைத் திருநாளுக்கு அவள் அம்மா ஊரான முகையூர் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தோம். மறுநாள் காலை டப்பா வெளியே வந்துவிட்டது. "உங்க கடையில உப்புத்தாள் இருக்குதுல்ல, ஒண்ணு கொண்டாங்க" என்றாள். எனக்கு இருசக்கர வண்டி உதிரிபாகக் கடை. உப்புத்தாள் எதற்கு என்று கேட்டால், விதைக்குத் தோல் கெட்டியாம், லேசாகத் தேய்த்துவிட்டு ஊறவைத்தால்தான் தண்ணீர் உள்ளே போகுமாம். தங்கையிடம் போனில் கேட்டுக்கேட்டு எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறாள். பிஸ்டனைத் தேய்க்கிற தாளில் பூ விதையைத் தேய்த்த பொம்பளை இந்த ஊரிலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

தட்டில் முளைக்கப் போட்டாள். முளைத்தது. பிடுங்கி மதில் ஓரம் நட்டாள். ஒன்று விடாமல் செத்தது. வேரைத் தொட்டாலே அந்தச் செடி முறுக்கிக்கொள்ளுமாம். அவள் உட்கார்ந்து அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ டப்பாவைத் தட்டி, கடைசியாக ஒட்டிக்கொண்டிருந்த விதைகளை எடுத்து, நேராக மதிலடியிலேயே ஊன்றினாள். மேற்கு வெயில் படாமல் தன் பழைய புடவை ஒன்றைக் கட்டித் திரை போட்டாள். நானாக இருந்தால் அந்த டப்பாவையே தெருவில் விட்டெறிந்திருப்பேன். இவளுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு பொறுமை வருமோ!

முளைத்து எழுந்ததும் அடுத்த பேஜாரு. அவரைக்கும் புடலைக்கும் நடுவதுபோல நல்ல தடிமனாகச் சவுக்குக் கழி நட்டுக் கொடுத்தேன். கொடி ஏறவில்லை, வழுக்கி வழுக்கி மண்ணில் படுத்தது. சரி, கழி ஒத்துவரவில்லை என்று பழைய பிரேக் ஒயரைப் பிரித்துக் கம்பி கட்டினேன். வெயிலில் கம்பி சுட்டுப் பட்ட இடமெல்லாம் கறுத்துப்போயிற்று. "உதவி பண்றேன்னு உபத்திரவம் பண்ணாதீங்க" என்று என்னை ஓரம்கட்டினாள். பிறகு உள்ளே போய் அலமாரியிலிருந்து பூக்கட்டுகிற நூல்கண்டை எடுத்து வந்தாள். காய்ச்சலுக்குப் பிறகு தொடாமல் கிடந்த கண்டு அது. மதிலில் ஆணி அடித்து, மேலும் கீழுமாக நூல் கட்டினாள்.

ஒருநாள் காலை, "என்னாங்க, ஜல்தி வாங்க!" என்று கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். அந்தக் கொடிக்குப் பாகல்போலச் சுருள்கம்பி எதுவும் கிடையாது. இலையின் காம்பே நூலை ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தது. "கையாட்டம் பிடிச்சிக்கினு இருக்குது பாருங்க" என்றாள். எனக்கே ஆச்சரியமாகப் போயிற்று. ஒவ்வொரு இலையும் தன் பங்குக்குப் பிடித்துக்கொண்டுதான் அந்தக் கொடி மேலே போகிறது. அன்றிலிருந்து கடைக்குப் போகுமுன் நானும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனேன்.

இதற்குள் தெருவே அதற்கு ஊட்டிக் கொடி என்று பெயர் வைத்துவிட்டது. அதைப் பார்க்க வந்தவர்களில் பக்கத்து வீட்டு அக்கா முக்கியமானவர். அவர் வீட்டுக்காரர் மல்லாட்டை வியாபாரம், அதாவது வேர்க்கடலை. எங்கள் பக்கத்தில் ரோஜா வாடினாலும் புண்ணாக்கு, முருங்கை காய்க்காவிட்டாலும் புண்ணாக்கு. "இன்னும் பூக்கலியா? மல்லாட்டைப் புண்ணாக்க ஊறவச்சி ஊத்தும்மா. அப்பறம் பாரு" என்று ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.

புண்ணாக்கு ஊறிப் புளித்த நாற்றத்தை அறியாதவர்களுக்கு நான் எப்படிச் சொல்ல? குடலைப் பிடுங்கும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கத்து வீட்டில் ஜன்னல் சாத்துவார்கள். பால்காரர் கேட்டுக்கு வெளியிலிருந்தே பாத்திரத்தை நீட்டச் சொன்னார். ரோஜாவுக்கு ஊற்றுகிறவர்கள் மூக்கில் துணி கட்டிக்கொண்டு ஊற்றி, வாளியைக் கொல்லைக் கோடியில் வைப்பார்கள். என் மனைவி வாளியை வாசலிலேயே வைத்து, அதன்மேல் குனிந்து, குச்சியால் நிதானமாகக் கலக்கினாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. ஊரே மூக்கைப் பொத்திக்கொள்ள, இவள் மட்டும் வெறும் தண்ணீரைக் கலக்குவதுபோலக் கலக்கிக்கொண்டிருந்தாள். பார்க்கச் சகிக்காமல் நான் உள்ளே போய்விட்டேன்.

பக்கத்து வீட்டு அக்கா மதிலோரம் என்னைக் கூப்பிட்டார். "ஏண்ணே, கொல்லைப் பக்கமா வைக்கச் சொல்லக் கூடாதா? வயித்தப் பெரட்டுது" என்றார்.

"அவகிட்ட நாறுதுன்னு சொல்லணும்ல, எப்பிடிச் சொல்றது? நீங்களும் சொல்லிடாதீங்க" என்றேன்.

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "சொல்ல மாட்டேண்ணே. இருந்துட்டுப் போவட்டும்" என்றார். அதன்பிறகு தெருவில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அவள் வாசலில் நிற்கும்போது மூக்கைக்கூடப் பொத்தாமல் கடந்துபோனார்கள். எங்கள் தெருக்காரர்களை நான் எவ்வளவோ திட்டியிருக்கிறேன். அந்த ஒரு காரியத்துக்காக அத்தனை பேரையும் கையெடுத்துக் கும்பிடலாம்.

கொடி கொழுத்தது. இலை ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம். மதிலே தெரியவில்லை. ஆனால் மருந்துக்குக்கூட ஒரு மொட்டு இல்லை. கிறிஸ்துமஸ் வந்தது, போனது. தங்கை வாழ்த்துச் சொல்ல போன் பண்ணியபோது இவள் புண்ணாக்குக் கதையைச் சொன்னாள். அந்தப் பக்கம் தங்கை போட்ட கூச்சல் எனக்கே கேட்டது.

"ஐயோ அக்கா! அதுக்கு ஏன் விருந்து வைக்கிற? இங்க ரோட்டோரம் கல்லுலயும் குப்பையிலயும் மொளைச்சிக் கெடக்குது. தின்னுட்டு எலையா தள்ளும், பூக்காது. பட்டினி போடு!"

அன்றோடு புண்ணாக்குத் தண்ணீர் நின்றது. மிச்சத்தை ஏரிக்கரைப் பக்கம் கொட்டிவிடுகிறேன் என்று நான்தான் வாளியை வாங்கிக்கொண்டேன். கொல்லையில் துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் மூடி போட்டு வைத்தேன். கடை, வேலை என்று அது அங்கேயே கிடந்தது.

பொங்கல் கழிந்து, பனி விழுகிற ஒரு காலையில் முதல் பூ விரிந்திருந்தது. நல்ல ஆரஞ்சு. கோத்தகிரியில் பார்த்ததைவிட அழகு என்று நான் சத்தியம் பண்ணுவேன். அவளைக் கூப்பிட்டேன். ஓடிவந்தவள் பழைய பழக்கத்தில் குனிந்து மூக்கைக் கொண்டுபோனாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். நிமிர்ந்து, "ம்ஹும்" என்றாள். பிறகு, "அதனால என்னா, கண்ணு ரொம்பிடுச்சுங்க" என்று சிரித்தாள். எத்தனை தரம் பொய்த்தும் அசராமல் இந்த உஷ்ண பூமியில் அதைப் பூக்க வைத்தவள் அவள். அவள் முகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமையும் துக்கமும் சேர்ந்தே வந்தன.

கொடிக்குத் தண்ணீர் எடுக்கக் கொல்லைப் பக்கம் போனாள். நான் பூவையே பார்த்துக்கொண்டு நின்றேன். மூடி திறக்கிற சத்தம் கேட்டது. அடுத்த நொடி ஒரு அலறல்.

"ஐயே! என்னாத்தங்க இங்க வச்சிக்கினு இருக்கீங்க? எலி கிலி செத்துப்போச்சா? கொமட்டுது!"

"காலங்காத்தால ஏன் இந்தக் கத்து கத்துற? புண்ணாக்குத் தண்ணிதான், நாளைக்குக் கொட்..." என்று எரிச்சலோடு சொல்லிக்கொண்டே போனேன். பாதியில் நின்றுவிட்டேன்.

வாளிக்கு முன்னால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். மெல்ல முந்தானையை எடுத்தாள். வாளியின்மேல் குனிந்து, முகத்தை நன்றாக உள்ளே கொண்டுபோய், ஆழமாக ஒரு மூச்சு இழுத்தாள். குமட்டிக்கொண்டு வந்தது. துப்பினாள், கண்ணில் தண்ணீர் வழிந்தது. மறுபடியும் குனிந்து இழுத்தாள்.

"நாறுதுங்க" என்றாள். "என்னமா நாறுது!"

நான் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். வெட்கமாவது மண்ணாவது!

அலறல் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேல் தலையை நீட்டினார். நாற்றம் போய் மோதியதும் முகம் சுளித்து என்னைப் பார்த்தார். "என்னாண்ணே, இன்னுமா கொட்டல அத? ஜல்தி கொட்டித் தொலைங்க" என்றார்.

என் மனைவி இரண்டு கையாலும் வாளியைப் பிடித்துக்கொண்டாள்.

"கொட்ட மாட்டேங்க்கா" என்றாள். "இன்னும் ரெண்டு நாளு இருக்கட்டும்."