அப்பா வாங்கி வந்த பிளக்

பெரியவளே, சின்னவனே, போன வாரம் விளாத்திகுளம் போகும் வழியில் வாடகைக் கார் டிரைவருக்குத் தலைசுற்றல் வந்து வண்டியை ஓரங்கட்டினாரே, நினைவிருக்கும். சின்னத் தாத்தாவுக்குத்தான் கார் ஓட்டத் தெரியுமே, பிறகு ஏன் மாட்டவே மாட்டேன் என்று சொல்லி நம்மை வெயிலில் பஸ்ஸுக்கு நிற்க வைத்தார் என்று இரண்டு பேரும் கேட்டீர்கள். அவரை வைத்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. உங்கள் தாத்தா இருந்தவரை இதை யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. இப்போது தாத்தா இல்லை. அதனால் எழுதுகிறேன்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. உங்கள் தாத்தா, அதாவது என் அப்பா, கோவில்பட்டியில் சிறியதாக ஒரு தீப்பெட்டி ஆபீஸ் நடத்தினார்; தீப்பெட்டி செய்கிற இடத்துக்கு எங்கள் ஊரில் அதுதான் பேர். ஒவ்வொரு பண்டலிலும் ஒரு குச்சியை எடுத்து உரசிப் பார்ப்பார். முதல் உரசலில் பற்றாவிட்டால் பண்டலையே ஒதுக்கிவிடுவார். மனிதர்களையும் ஏறக்குறைய அப்படித்தான் உரசிப் பார்த்தார்.

சித்தப்பா, அதாவது உங்கள் சின்னத் தாத்தா, அவருடைய ஒரே தம்பி. அவருக்குத் தீப்பெட்டி மருந்து வாடையே ஆகாது. ஆபீஸுக்குப் பின்னால் ஒரு பழைய பெட்ரோல் காரைப் பிரித்துப் போட்டு, அதற்கு டர்போ பூட்டிக்கொண்டிருந்தார். டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றைத் திணித்து அனுப்புகிற விசிறி. அந்தக் காற்றுக்கு ஏற்றபடி பெட்ரோலையும் கூட்டிவிட்டால் சாதாரணக் காரும் பிய்த்துக்கொண்டு போகும். கோயம்புத்தூரில் பந்தயக் கார் தயார் செய்கிற ஒருவர், வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து காட்டினால் தன் பட்டறையில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். சித்தப்பா அதையே நினைத்துக்கொண்டு திரிந்தார்.

அப்பா வெகுநாள் பிடிகொடுக்கவில்லை. கடைசியில் ஒருநாள் சாப்பாட்டுக்கு முன்னால் சொன்னார்.

"வண்டி கோயம்புத்தூர் போய்ச் சேந்துதுன்னா நீ அங்கனயே இருந்துக்கோ. அதுக்குள்ள எஞ்சின் போயிட்டுன்னா மறுபேச்சு கிடையாது, ஆபீஸ்ல வந்து உக்காரணும். என்னலே?"

"சரிண்ணே" என்றார் சித்தப்பா. அன்று அவர் சோற்றைக் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

எஞ்சினுக்குள் பொறி தட்டிப் பெட்ரோலைப் பற்றவைப்பது பிளக். அதில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று முனையில் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; அது சூடான பிளக். இன்னொன்று சூட்டை உடனே கடத்திவிடும். அதைக் கோல்டு பிளக் என்பார்கள். சித்தப்பா மாட்டியிருந்தது கோல்டு பிளக்.

"திணிச்சு எரிக்கிற எஞ்சின்ல சூடு சாஸ்தி மக்கா. பிளக்கு முனை கங்கு மாதிரி ஆயிட்டுன்னா, பொறி வாரதுக்கு முன்னாலயே பெட்ரோலு தானா பத்திக்கிடும். பிஸ்டன் ஓட்டையாயிரும்" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். நான் அதை வாய்ப்பாடு போல ஒப்பிப்பேன். அர்த்தம் தெரியாது.

ஆனால் அந்தப் பிளக்கோடு ஊருக்குள் மெதுவாகப் போனால் முனையில் கரி பிடித்துப் பொறி வராது. பஜாரில் வைத்துக் கார் விக்கி விக்கி நின்றுவிட்டது. பலசரக்குக் கடை அண்ணாச்சி வெளியே வந்து, "என்ன தம்பி, நமுத்துப் போச்சா? உங்க அண்ணன் குச்சியாவது மூணாவது உரசல்ல பத்தும்லா!" என்றார். பஜாரே சிரித்தது. அது அப்பா காதுக்கும் வந்தது. தம்பியை அவர் எவ்வளவும் ஏசுவார். அடுத்தவர் சிரித்தது பொறுக்கவில்லை.

மறுநாள் ஆபீஸைப் போட்டுவிட்டுத் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினார். கடையில் இருந்ததிலேயே சூடான பிளக்காகக் கேட்டு வாங்கிவந்து சித்தப்பா கையில் கொடுத்தார்.

"பத்தாத குச்சிய வச்சுக்கிட்டு அடுப்பு எரியலேன்னா எப்படிலே? இதப் போடு. ஒரே உரசல்ல பத்தும்."

அந்தக் காரை அப்பா திட்டித்தான் கேட்டிருக்கிறோம். அதற்கென்று ஒரு பொருள் அவர் வாங்கி வந்தது அதுவே முதல் தடவை. சித்தப்பா பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் இருந்த எண்ணைப் படித்தார். அண்ணன் முகத்தைப் பார்த்தார். பிறகு ஸ்பேனரை எடுத்தார்.

பஜாரில் கார் வழுக்கிக்கொண்டு போயிற்று. முன்சீட்டில் அப்பா, பின்னால் நான். அண்ணாச்சி கடைக்கு நேரே வந்ததும் ஹாரனை அழுத்தச் சொல்லி, அப்பா வெளியே பார்க்காதது போல உட்கார்ந்துகொண்டார். கயத்தாறு ரோட்டில் ஏறிய பிறகும் சித்தப்பா வேகத்தைக் கூட்டவில்லை.

"என்னலே, மாட்டுவண்டியா ஓட்டுத? மிதி."

"வேண்டாம்ணே. இப்படியே போயிட்டுத் திரும்பிருவோம்."

"கோயம்புத்தூர் போயிட்டேன்னா அப்புறம் என்னைய எங்க ஏத்தப் போற? மிதிலே!"

சித்தப்பா மிதித்தார். விசிறி ஊளையிட்டது. என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. கரிசல் காடு இரண்டு பக்கமும் கறுப்பாக ஓடியது. அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியது போல எஞ்சின் தட்ட ஆரம்பித்தது. பிறகு ஒரு வெடி. ஒரே புகை. கார் உருண்டு போய் ஓரத்தில் நின்றது.

சித்தப்பா ஸ்டீயரிங்கை விடவே இல்லை.

"பிளக்கு எதும்...?" என்று இழுத்தார் அப்பா.

"பிளக்கெல்லாம் நல்ல பிளக்குண்ணே. நான்தான் பொறி வார டைமிங்கக் கூட்டி வச்சிட்டேன். என் தப்பு."

அப்பா நம்பினார். நானும் நம்பினேன். லாரியில் கயிறு கட்டி இழுத்து வந்தோம். சொன்ன சொல்லுக்கு மறுபேச்சு கிடையாது. சித்தப்பா ஆபீஸில் வந்து உட்கார்ந்தார்; இன்றைக்கும் அந்த மருந்து வாடையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அன்றைக்குப் பிறகு எந்த வண்டியின் ஸ்டீயரிங்கையும் அவர் தொட்டதில்லை. வருகிற விருந்தாளிகளிடமெல்லாம், "டைமிங் வைக்கத் தெரியாம வண்டிய எரிச்சவன்" என்று அப்பா சாகிறவரை சொல்லிச் சிரித்தார். சித்தப்பாவும் கூடச் சிரிப்பார். நான் ஒப்பித்த வாய்ப்பாட்டின் அர்த்தம் எனக்கு விளங்கியபோது, பெரியவளே, நீ பிறந்துவிட்டாய். சித்தப்பாவிடம் அதைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்டு யாருக்கு எதைத் திருப்பிக் கொடுக்க?

வண்டியை இழுத்து வந்த அன்று சாயங்காலம் எல்லோரும் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். நான் மட்டும் பின்பக்கம் போனேன். காரின் கதவு சரியாகச் சாத்தாமல் இருந்தது. உள்ளே கூரையில் சின்ன லைட் எரிந்துகொண்டிருந்தது. இப்படியே விட்டால் பேட்டரி இறங்கிவிடும், காலையில் சித்தப்பா எப்படி வண்டியை எடுப்பார் என்று நினைத்தேன். கதவை முழுக்கத் திறந்து, லைட் அணையும்படி ஓங்கிச் சாத்திவிட்டு வந்தேன்.