சாக்லேட்டில் ஏறிய நீலப் படகு

போன வருடம் பங்குனி வெயில் ஏறத் தொடங்கிய நேரம். வடசென்னை எர்ணாவூரில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் சின்ன அறையில் ஏசி போட்டு, பிறந்தநாள்களுக்குச் சாக்லேட் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு மீன் கொண்டுவரும் அக்கா ஒருநாள் வாசலில் நின்று கேட்டார்.

"நாங்க சொந்தமா ஒரு போட்டு வாங்கி கடல்ல எறக்குறோம் தங்கச்சி. அன்னிக்கு பூசைக்கு வர்றவங்களுக்கு உன் சாக்லேட்டுதான் குடுக்கணும். அதும் மேல எங்க போட்டு படமும் பேரும் வரணும். முடியுமா?"

அவர் கணவர் வாழ்நாள் முழுக்க அடுத்தவர் படகில் கடலுக்குப் போனவர். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சாக்லேட் மேல் படம் பதிக்கக் கடையில் பூவும் இதயமும் அச்சிட்ட தாள்கள்தான் கிடைக்கும். படகுக்கு நானேதான் தாள் செய்தாக வேண்டும். கோகோ கொட்டையின் கொழுப்பான கோகோ பட்டரை உருக்கி, எண்ணெயில் கரையும் நிறம் கலந்து, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளில் வரைய வேண்டும். எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாகத் திருப்பி எழுத வேண்டும். அது இறுகியதும் மேலே சாக்லேட்டை ஊற்றி, ஆறிய பின் தாளை உரித்தால் படம் சாக்லேட்டில் ஒட்டியிருக்கும். எனக்கோ படகு தாளிலேயே நின்றுவிட்டது. ஒருமுறை பாதிப் படகு வந்தது, அதுவும் கவிழ்ந்த மாதிரி. "இத அந்த அக்கா கண்ணுல காட்டிடாத" என்றார் என் கணவர். உருக்கிய சாக்லேட்டைச் சரியான சூட்டுக்கு ஆறவிட்டுப் பதம் பார்க்காமல் அவசரமாக ஊற்றியதுதான் காரணம் என்று பல தட்டுகள் வீணான பிறகே பிடிபட்டது.

படகு இறக்குவதற்கு முந்தின நாள், எல்லாத் தாள்களிலும் சாக்லேட்டை ஊற்றி முடித்த சமயம் கரண்ட் போனது. அறை சூடேறியது. சாக்லேட் இறுகவே இல்லை. அழுகையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, வேலை எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க அக்கா வந்தார்.

"இன்னாமா இப்டி குந்திகினு கீற?"

சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"மீனையே வெயில்ல கெடாம வச்சிக்கிறோம். இத்த வச்சிக்க மாட்டமா?" என்று இறங்கிப் போனவர், ஆட்டோவில் ஐஸ் நிரப்பிய தெர்மகோல் பெட்டிகளோடு திரும்பினார்.

ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் சாக்லேட் கெட்டுவிடும் என்றேன். சாக்லேட் ஊற்றிய தாள்களை எங்கள் வீட்டு எவர்சில்வர் டப்பாக்களில் ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கி, மூடி ஓரத்தில் டேப் ஒட்டி, ஐஸ் மேல் வைத்தோம். சாயந்திரம் கரண்ட் வந்து அறை குளிர்ந்த பிறகுதான் டப்பாவைத் திறந்தேன். முதல் தாளை ஓரத்திலிருந்து மெல்ல உரித்தேன். பளபளவென்று நீலப் படகு. அதன் கீழே பெயர், நேராக, ஓர் எழுத்தும் குறையாமல்.

அக்கா எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் கடற்கரையில் பூசை முடிந்ததும் எல்லோர் கையிலும் அந்தப் படகு இருந்தது. அக்காவின் கணவர் மட்டும் தின்ன மனசில்லாமல் சட்டைப் பையில் வைத்தார். அது உருகி வெள்ளைச் சட்டையெல்லாம் கறையான பிறகும், "இன்னொண்ணு குடும்மா" என்று சிரித்துக்கொண்டே வந்தார்.

தெரியாத வேலையை ஏற்க இன்றும் எனக்குப் பயம் உண்டு. ஆனால் நம்மை நம்பிக் கேட்டவரே, வேலை கெடும்போது நம் பக்கத்தில் வந்து நிற்கவும் கூடும் என்று அன்று பார்த்துவிட்டதால், 'செய்கிறேன்' என்று சொல்லத் தயங்குவதில்லை.