எந்தப் பாத்திமா?

சவூதியிலிருந்து லீவில் வந்த ஒருவர், சென்ற மாதம் எங்கள் வாசலில் ஒரு கசெட்டைத் தந்துவிட்டுப் போனார். உறையில் ‘பாத்திமா, கல்முனை’ என்று மட்டும் இருந்தது. என் பெயர் அதுதான், கணவரும் சவூதியில்தான். ஆவலில் மாமிக்கு முன்னாலேயே றேடியோவில் போட்டேன்.

ஆளைத் தெரியாத இரைச்சலுக்குள் கரகரத்த குரலொன்று பேசியது. “பாத்திமா, மெசினுக்குள்ள கை போயிட்டு. ரெண்டு விரல் இல்ல. உம்மாக்கிட்டச் செல்லிராத.”

“எண்ட மகனே!” என்று மாமி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். கசெட் ஓடிக்கொண்டே இருந்தது.

“சின்னவன் நடக்கானா?” என்றது குரல்.

எங்களுக்குப் பிள்ளையே இல்லை. சட்டென்று நிறுத்தினேன். “மாமி, இது நம்மட ஆள் இல்ல!”

விசாரித்துக்கொண்டு போனேன். முதல் பாத்திமா பள்ளிக்கூட ரீச்சர், கல்யாணமே ஆகவில்லை. இரண்டாமவர் இடியப்பம் விற்கும் விதவை. மூன்றாமவரின் வாசலில் ஒரு குழந்தை தத்தித் தத்தி நடந்தது.

“போட்டுக் கேட்டீங்களா?” என்றார் அவர்.

“இல்ல” என்றேன். விரல் போன செய்தியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர் கசெட்டைப் போட்டார். “வாப்பாவத் தேடுறானா?” என்று அது நடுவிலிருந்து பேசியது.

“தேடுறான், தேடுறான்” என்று சிரித்தவர், கசெட் பாதி ஓடியிருப்பதைக் கண்டு என்னைப் பார்த்தார். பிறகு முதலிலிருந்து கேட்பதற்காகப் பின்னால் சுற்றினார்.

இப்போது யார் எதைக் கொண்டுவந்தாலும், “யார்ட மகள் பாத்திமாக்கு?” என்று கேட்டுத்தான் வாங்குகிறேன். கணவர் ‘நலம்’ என்று எழுதினால், பத்து விரலும் இருக்கிறதா என்று பதில் எழுதிக் கேட்கிறேன்.