தானாக உறுமிய வண்டி

காலேஜில் சேர்ந்த புதிதில், அப்பாவின் பழைய பைக்குக்கு உயரமான ஹேண்டில்பார் மாட்டினேன். பழைய ஆக்சிலேட்டர் கேபிளே எட்டியதால் அதை மாற்றவில்லை. ஸ்டார்ட் செய்து ஹேண்டில்பாரை இடப்பக்கம் ஒடித்ததும் இன்ஜின் தானாக உறுமியது.

“சிங்கம் மச்சான்,” என்றான் நண்பன் சலீம். எனக்கும் பெருமைதான்.

அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ராஜகீழ்ப்பாக்கம் முனையில் இடப்பக்கம் திரும்பினேன். வண்டி பாய்ந்தது.

“இன்னாத்துக்குடா முறுக்குற?”

“நான் முறுக்கலடா.”

ஒடிக்க ஒடிக்க கேபிள் இழுபட்டு வேகம் ஏறியது. நேராக்கினால் எதிரே லாரி. கிளட்சைப் பிடித்து பிரேக்கை மிதித்தேன். இன்ஜின் அலற, லாரியை உரசாத குறையாக நின்றோம். சலீம் இறங்கி நடந்தான்.

நீளமான கேபிள் போட்டாயிற்று. இப்போது எதை மாற்றினாலும், ஸ்டாண்டில் நிறுத்தி ஹேண்டில்பாரை இருபுறமும் முழுக்க ஒடித்து, சத்தம் ஏறவில்லை என்று தெரிந்த பிறகே தெருவில் இறக்குகிறேன். சலீம் மட்டும் இன்னும் பின்னால் ஏறுவதில்லை.