ஐந்து நாற்பதுக்கு எட்டு டிக்

அவளுக்குப் பம்பரம் என்று பெயர் வைத்தது அண்ணன். வயது நாற்பத்து மூன்றாகியும் சுற்றுவது நின்றபாடில்லை. பல் தேய்த்துக்கொண்டே சட்டைக்கு இஸ்திரி போடுவாள். அடுப்பில் பால் பொங்குவதற்குள் மூன்று பேருக்குப் பதில் அனுப்புவாள். "கால்ல சக்கரம் கட்டிக்கிட்டே பொறந்தவ இவ" என்பார் கணவர், நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலேயே.

வேலை பிசியோதெரபி. அறுவை சிகிச்சை முடிந்து கட்டை போல இறுகிப்போன முழங்காலையும் தோளையும் மறுபடி மடங்க வைப்பது. கிளினிக்கில் ஓர் ஆளுக்குக் கிடைப்பது அரை மணி நேரம். மிச்சத்தை அவர்கள் வீட்டில்தான் செய்தாக வேண்டும். முன்பெல்லாம் தாளில் குச்சி மனிதர்களை வரைந்து கொடுப்பாள். அந்த மனிதர்கள் பயிற்சி செய்கிறார்களா, மாடிப்படியில் உருளுகிறார்களா என்று யாராலும் சொல்ல முடியாது.

பிறகு கிளினிக்கில் ஓர் இணையதளத்துக்குச் சந்தா கட்டினார்கள். ஆயிரக்கணக்கான பயிற்சிகள், எல்லாம் வீடியோ. வேண்டியதைப் பொறுக்கி, எத்தனை தடவை, எத்தனை வினாடி என்று நிரப்பி அனுப்பினால் நோயாளியின் போனில் போய் உட்கார்ந்துவிடும். செய்து முடித்ததும் அவர் டிக் போட வேண்டும். அது அவள் திரையில் பச்சையாக, போட்ட நேரத்தோடு விழும்.

அந்தப் பச்சைதான் அவளைப் பிடித்து ஆட்டியது. காய்கறிக் கடையில் நின்று பார்ப்பாள், சிக்னலில் பார்ப்பாள். டிக் ஒழுங்காக வருகிறவர்களை வாரா வாரம் வரச் சொல்வதையும் நிறுத்திவிட்டாள். "டிக் வந்தா போதும், மூணு வாரம் கழிச்சு வாங்க" என்பாள். நேரம் மிச்சம் என்று நினைத்தாள்.

பேருந்து ஓட்டுநர் ஒருவர் அப்படி மூன்று வாரத்துக்கு அனுப்பப்பட்டவர். ஐம்பது வயது. இடது முழங்காலில் அறுவை சிகிச்சை. கிளட்ச் மிதிக்கிற கால். வெள்ளிக்கிழமை பணிமனை மருத்துவர் பரிசோதிப்பார். கால் நூற்றுப் பத்து டிகிரிக்குப் பக்கத்திலாவது மடங்க வேண்டும். இல்லையென்றால் ஸ்டியரிங்கை மறந்துவிட்டு, ஓய்வு பெறும்வரை வாசலில் உட்கார்ந்து போகிற வண்டி, வருகிற வண்டியின் எண்ணை எழுத வேண்டியதுதான்.

அவருடைய டிக் ஒருநாள்கூடத் தவறவில்லை. ஆனால் எட்டுப் பயிற்சிக்கும் ஒரே நேரம், காலை ஐந்து நாற்பது. நாற்பது நிமிட வேலையை ஒரு நிமிடத்தில் எவன் செய்வான்? அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கேட்டுத் தொலைத்திருக்கலாம். கேட்கவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று கறுவிக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை வந்தார். நீளமான பாகைமானியை முழங்காலில் வைத்து அளந்தாள். எழுபத்திரண்டு. மூன்று வாரத்துக்கு முன்னால் எழுபது. மேசையில் பணிமனைக்கான அறிக்கை பாதி எழுதியபடி கிடந்தது. "பயிற்சியில் ஒத்துழைப்பு இல்லை" என்ற வரியை முந்தின நாளே எழுதிவிட்டிருந்தாள்.

"அண்ணே, யாரை ஏமாத்துறீங்க? ஒரே நிமிஷத்துல எட்டு டிக்கா?"

அவர் விழித்தார். "டிக்கை முதல்லயே போட்டுருவேன் மேடம். டிப்போல அப்படித்தானே? பிரேக், டயர், லைட்டு, எல்லாத்துக்கும் டிக் போட்டுட்டுத்தான் வண்டியை எடுப்போம். டிக் போட்டுட்டு முக்கால் மணி நேரம் செய்றேன். என் சம்சாரத்தைக் கேட்டுப் பாருங்க."

"செஞ்சு காட்டுங்க."

சுவரோரப் பெஞ்சில் படுத்தார். குதிகாலைத் தேய்த்து இழுத்தார், பத்து வரை எண்ணினார், விட்டார். வீடியோவில் வருகிற பெண்கூட அவ்வளவு சுத்தமாகச் செய்ய மாட்டாள். எல்லாவற்றையும் வலது காலில் செய்தார்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அண்ணே, ஆபரேஷன் இந்த இடது கால்லதானே?"

"படத்துல வலது கால்தான் வருது. முதல்ல நல்ல காலைத் தேத்தச் சொல்றீங்க போலன்னு நினைச்சேன். சந்தேகமா இருந்துச்சு, உங்ககிட்ட கேட்டேனே."

போனை நீட்டினார். பயிற்சி தொடங்கிய அன்று காலை அனுப்பிய, அவர் காலின் போட்டோ. கீழே, "வலது காலுக்குத்தானே மேடம்?" அதற்குக் கீழே அவள் பதில்: "அருமை! இப்படியே தொடருங்கள்." தளத்தில் ஆயத்தமாக வைத்திருக்கும் பதில். ஒரு தட்டுத் தட்டினால் போய்விடும். எங்கே நின்று தட்டினாள் என்றுகூட நினைவில்லை.

கணினியைத் திறந்தாள். ஒரு பள்ளி ஆசிரியைக்கு வலது முழங்காலுக்குத் தயாரித்த திட்டம். அதே அறுவை சிகிச்சை என்று அப்படியே நகலெடுத்து, பெயரை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறாள். இடம் வலம் மாற்றுவதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தவில்லை. வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது. ஒரு மனுஷர் விடிவதற்கு முன்னால் எழுந்து மூன்று வாரம் உழைத்திருக்கிறார். அவரைப் போய் ஏமாற்றுக்காரர் என்று எழுதி வைத்திருக்கிறாளே.

பாதி எழுதிய தாளைக் கிழித்தாள். புதிதாக எழுதினாள்: "ஒருநாள் தவறாமல் பயிற்சி செய்திருக்கிறார். தவறான காலுக்குப் பயிற்சி அனுப்பியது நான். கேள்வி கேட்டும் நான் கவனிக்கவில்லை. இன்னும் ஆறு வார அவகாசம் கொடுத்துப் பார்க்க வேண்டும்." வேலைக்கே உலை வைக்கக்கூடிய வரிகள். கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

அவர் இரண்டு தடவை படித்தார். "இதைக் கொடுத்தா உங்களுக்கு ஒண்ணும் ஆகாதா?"

"ஆகும். கொடுங்க."

மடித்துச் சட்டைப் பையில் வைத்தவர் உடனே கிளம்பவில்லை. "இருபத்திரண்டு வருஷமா டயரைப் பார்க்காமலே டிக் போட்டிருக்கேன் மேடம். ஒருநாள்கூட இப்படி எழுதிக் கொடுத்ததில்லை" என்றார். அவள் இடது காலுக்கு மாற்றிய வீடியோக்களை ஒவ்வொன்றாக அவர் முன்னாலேயே ஓட்டிப் பார்த்து அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை முழுக்கக் காலில் வெந்நீரைக் கொட்டியவள் போலத்தான் அலைந்தாள். பணிமனையிலிருந்து விஷயம் தெரிந்து, கிளினிக் முதலாளி கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கால் மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினார். எச்சரிக்கைக் கடிதமும் கொடுத்தார். மாலையில் ஓட்டுநரிடமிருந்து போன். "நாலு வாரம் கொடுத்திருக்காங்க. அதுக்கு மேல கிடையாதாம்."

நான்கு வாரத்தில் முப்பத்தெட்டு டிகிரி. முடியலாம். முடியாமலும் போகலாம்.

சனிக்கிழமை காலை, வாயில் பிரஷ், ஒரு கையில் இஸ்திரிப் பெட்டி. போன் சிணுங்கியது. ஐந்து நாற்பது. டிக் எதுவும் விழவில்லை. ஒரு போட்டோ மட்டும் வந்திருந்தது, தழும்போடு ஒரு முழங்கால். கீழே, "இடதுதானே மேடம்?"

ஆயத்தப் பதில்கள் திரையின் அடியில் வரிசையாக நின்றன. அவள் இஸ்திரிப் பெட்டியை அணைத்தாள். வாயைக் கொப்பளித்தாள். நாற்காலியில் உட்கார்ந்து அவருக்குப் போன் போட்டாள்.

"ஆமாண்ணே, இடதுதான். மெதுவா மடக்குங்க. நான் லைன்லயே இருக்கேன், எண்ணுங்க."

ஒன்று, இரண்டு என்று வலியைக் கடித்துக்கொண்டு அவர் எண்ணத் தொடங்கினார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. கணவர்தான் எழுந்து போய் அணைத்தார்.