அக்கா அனுமதி கேட்ட விதம்

அந்த அக்காவுக்கு வேலை போனது என்னால்தான். அதைச் செய்தபோது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னை நல்லவள் என்று நினைத்து ஏமாற வேண்டாம்.

பெங்களூர் தொம்மலூரில் ஒரு கால் சென்டர். அவள் போன் எடுப்பவள். நான் பதிவான அழைப்புகளைக் கேட்டு மதிப்பெண் போடுபவள். யாருக்கு யார் மதிப்பெண் போடுகிறார்கள் என்று வெளியே தெரியாது. வாடிக்கையாளரைக் காத்திருக்க வைக்கும் முன் ‘மே ஐ’ என்று கேட்க வேண்டும், அவர் ‘யெஸ்’ சொல்லும்வரை அசையக் கூடாது. இது எங்கள் விதி. ‘கேன் ஐ’ என்று கேட்டால் மதிப்பெண் குறையும். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் கேட்கிறார்கள், எந்த வாடிக்கையாளரும் அதற்காகச் சண்டைக்கு வந்ததில்லை. அதனால் மற்றவர்கள் சொன்னால் காதில் விழாத மாதிரி விட்டுவிடுவேன்.

எங்கள் இருவருக்கும் ஊர் கோலார் தங்கவயல். பெங்களூர் ரயில் கிளம்பும் மாரிக்குப்பத்திலேயே அவள் ஏறி, பக்கத்து சீட்டில் எனக்காகக் கைக்குட்டை போட்டு வைப்பாள். எங்கள் வண்டியில் கைக்குட்டை கிடக்கும் சீட்டில் யாரும் கை வைக்க மாட்டார்கள். சில நிறுத்தங்கள் தள்ளி நான் ஏறியதும், “குந்து பாப்பா” என்று அதை எடுப்பாள். பெங்களூர் வரும்வரை இரண்டு மணி நேரம் அவள் தோளில் சாய்ந்து தூங்கியிருக்கிறேன்.

அலுவலகத்தில் என் வீடு இந்திரா நகர் என்று சொல்லி வைத்திருந்தேன். ஒருநாள் கேன்டீனில், என் மேலாளர் பக்கத்தில் இருக்கும்போதே இந்த அக்கா தட்டோடு வந்தாள். “இது எங்க ஊரு பொண்ணு சார். இதோட அப்பாவும் எங்கப்பாவும் ஒரே ஷிப்ட்ல குழிக்குள்ள எறங்கினவங்க. டெய்லி ஒண்ணாதான் டிரெய்ன்ல வர்றோம்.” மேலாளர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்று மதியமே அவளுடைய அழைப்புகளை எடுத்துக் கேட்க ஆரம்பித்தேன்.

கணவரை இழந்த ஒரு பெண்மணி, அவர் பெயரிலிருந்த போன் இணைப்பைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்டு அழுதிருந்தார். அக்கா அவரை அவசரப்படுத்தாமல் அழவிட்டு, பிறகு மெதுவாக, “கேன் ஐ கீப் யூ ஆன் ஹோல்ட், மேம்?” என்றாள். அந்த மாதம் நான் கேட்டதிலேயே நல்ல அழைப்பு அது. பூஜ்யம் போட்டேன். அடுத்த மூன்று மாதமும் தேடித் தேடிக் குறைத்தேன்.

அவளை நிரந்தரம் செய்ய வேண்டிய மாதம் வந்தது. மதிப்பெண் போதாது, இனி வேலையில்லை என்று கடிதம் கொடுத்துவிட்டார்கள். அவள் சம்பளத்தில்தான் மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு மாதம் அவகாசம் கேட்டு எழுதிய தாளை மறுநாள் வண்டியில் என்னிடம் நீட்டினாள்.

“பாப்பா, இதுல கேன் போடறதா, குட் போடறதா, மே போடறதா? நீதான் கரெக்டா சொல்லுவ.”

என்னிடமா கேட்கிறாய் என்று மனதுக்குள் சிரித்தேன். இன்னும் அவகாசம் தரலாமா என்று மேலாளர் முந்தின நாளே என் கருத்தைக் கேட்டிருந்தார், வேண்டாம் என்று எழுதி அனுப்பியிருந்தேன். ஆனாலும் பாடம் நடத்தினேன். ‘கேன்’ சிநேகிதரிடம் கேட்பது, ‘குட்’ கொஞ்சம் பணிவு, ‘மே’ நமக்கு மேலே இருப்பவரிடம் கேட்பது. கேட்டுவிட்டு பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். மூன்று முறை எழுத வைத்தேன். வண்டி ஆடியதில் எழுத்து கோணலாகிவிட்டது என்று நான்காவது முறை அவளாகவே எழுதினாள். “நீ இல்லன்னா இன்னா பண்ணுவேன்” என்று என் கன்னத்தைத் தொட்டாள்.

அந்த வாரமே அவளை அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு வண்டியில் எனக்காகக் கைக்குட்டை போட ஆளில்லை. பெங்களூர் வரை நின்றுகொண்டே வந்தேன். கால் வலித்தபோது அவள் மேல்தான் கோபம் வந்தது, அப்படிப்பட்டவள் நான்.

இரண்டு மாதம் கழித்து, அலுவலகக் கழிவறையில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். கதவு பாதி திறந்தது. துப்புரவு ஊழியர்களின் நீலச் சீருடையில், கையில் மாப்போடு அவள் நின்றாள். காலை ஷிப்டுக்காக முதல் வண்டியில் வருகிறாள் போலிருக்கிறது.

“மே ஐ கம் இன், மேடம்?”

“உள்ள வாக்கா. எங்கிட்ட எதுக்குக் கேக்கற?” என்றேன்.

அவள் அசையவில்லை. மதிப்பெண் போட்டது நான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டதா, எனக்குத் தெரியாது. முகத்தில் கோபம் இல்லை. தரையைப் பார்த்தபடி, வாசற்படிக்கு வெளியிலேயே நின்றாள். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

“யெஸ்” என்றேன்.

“தேங்க் யூ, மேடம்” என்று உள்ளே வந்து, நான் சிந்தியிருந்த தண்ணீரை என் காலைச் சுற்றித் துடைக்க ஆரம்பித்தாள்.